இரவுச் சிப்டும் பட்டப் படிப்பும்

(பாலையூற்றில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறீர்கள். சிலர் இங்கிருந்து நேரே இரவு வேலைக்குப் போகவேண்டியவர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலையில் இருக்கும் ஒருவர் படிப்பைத் தொடங்கி இடையில் விட்டுவிட்டால், ஊர் என்ன சொல்கிறது? "அவருக்கு மனமில்லை" என்கிறது. விட்டவரும் அதையே தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்கிறார். வளர்ந்தவர்களுக்கு நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதை நான் ஏற்பதில்லை. இடையில் விட்டவர்களில் நான் கண்ட பெரும்பாலானோர், நம்மில் பலரைவிட மன உறுதி கூடியவர்கள். அவர்களுக்கு இல்லாமற் போனது நேரம். நேரம் தானாகக் கிடைப்பதில்லை. வீட்டில் ஒருவரும் வேலைத்தளத்தில் ஒருவரும் விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும். அதை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்முடைய ஊரின் அமைப்பை முதலில் பாருங்கள். திருகோணமலை துறைமுகத்தால் வளர்ந்த ஊர். பிரித்தானியக் கடற்படை 1957-இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை, டொக்யார்ட் வேலை நேரம்தான் பல வீடுகளின் சமையல் நேரத்தையே தீர்மானித்தது. இன்றைக்குச் சீனன்குடாவில் மாவு ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், சீமெந்துத் தொழிற்சாலை. நகருக்குள் வைத்தியசாலை, துறைமுகம், நிலாவெளிக் கரையோரம் ஹோட்டல்கள். எட்டு மணிக்குப் போய் நாலரைக்கு வருகிறவர்கள் ஒரு பகுதியினர்தான். மற்றவர்களுக்குச் சிப்ட். கிழக்கு மாகாண சபையின் காரியாலயங்கள் இங்கே இருப்பதால், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்து கிழமை நாட்களில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில், "தினமும் காலை ஐந்து மணிக்கு எழும்பிப் படி" என்ற அறிவுரை பாதிப்பேருக்குப் பொருந்தாது. இரவு ஏழு மணி தொடங்கிக் காலை ஏழு மணிவரை வார்டில் நின்றுவிட்டு வருகிற தாதிக்கு ஐந்து மணி என்பது வேலையின் நடுப்பகுதி.

படிக்க வேண்டிய தேவை மட்டும் எல்லாருக்கும் இருக்கிறது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்கள் அண்மை ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உள்ளே எடுக்கப்படுகிறவர்கள் சுமார் நாற்பத்தையாயிரம் பேர். நம்முடைய மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்டம் என்ற சிறு ஒதுக்கீடு இருந்தும், தகுதி பெற்ற பிள்ளைகளில் பெரும்பகுதி வெளியேதான் நிற்கிறது. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். சில ஆண்டு கழித்துப் படிப்புக்குத் திரும்புகிறார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கோ படிப்பு ஒருநாளும் முடிவதில்லை. வினைத்திறன் தடை காண் பரீட்சை இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அரச சேவையில் இருக்கும் தாதியர் பலர், திறந்த பல்கலைக்கழகம் 1990-களில் தொடங்கிய தாதியியல் பட்டத்தைப் படிக்கிறார்கள். இவர்கள் எவருக்கும் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதியில்லை.

இனி ஒரு கணக்கு. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலருடைய படிப்பு முறிவது இந்த இடத்தில்தான். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு திறமைப் புள்ளி, அதாவது ஒரு கிரெடிட், 50 மணித்தியாலக் கற்றலுக்குச் சமம். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் அந்த 50-க்குள் அடக்கம். ஒரு முழு ஆண்டுக்கு 30 கிரெடிட், 1,500 மணித்தியாலம். ஆண்டுக்கு ஐம்பது கிழமை என்று வைத்தால், கிழமைக்கு 30 மணித்தியாலம். சாதாரண பட்டத்துக்கு இப்படி 90 கிரெடிட் வேண்டும்.

ஒரு கிழமையில் 168 மணித்தியாலம் இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைக்கு 45. நாளுக்கு ஏழு மணித்தியாலம் உறங்கினால் 49. மிஞ்சுவது 74. போக்குவரத்து, சமையல், துணி துவைத்தல், பிள்ளையின் வீட்டுப்பாடம், கோயில், ஆஸ்பத்திரி, கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் இந்த 74-க்குள்தான். அதில் முப்பதைப் படிப்புக்கு எடுக்கப் போகிறேன் என்று ஒருவர் பதிவு செய்கிறார். முதல் இரண்டு மாதம் உறக்கத்தைக் குறைத்துச் சமாளிக்கிறார். மூன்றாம் மாதம் காய்ச்சல். நான்காம் மாதம் ஒப்படைத் திகதி தவறுகிறது. பிறகு, "எனக்குப் படிப்பு ஏறாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அவருக்குப் படிப்பு ஏறியது. கிழமையில் அவ்வளவு மணித்தியாலம்தான் இல்லை.

ஆகவே பாதியாக எடுங்கள். ஆண்டுக்கு 15 கிரெடிட் என்றால் கிழமைக்கு 15 மணித்தியாலம். வேலை நாட்களில் ஒன்றரை மணித்தியாலம், ஓய்வு நாட்களில் மிச்சம். மூன்று ஆண்டுப் பட்டம் ஆறு ஆண்டாகும். ஆகட்டும். பதிவு செய்யுமுன் அந்தப் பாடநெறியை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு தருகிறார்கள், ஆண்டுக்கு இத்தனை பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம்முடைய சமூகத்தில் பட்டத்தை எத்தனை வயதில் எடுத்தாய் என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சி ஒரே ஆண்டில் ஐந்து பாடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வயதைப்பற்றிச் சொன்னதால் இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன். சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பதிப்பாசிரியராக நமக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர். மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்தான். பட்டம் பெற்றதோடு தாமோதரம்பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை. அரசாங்கக் கணக்குத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, 1871-இல் பி.எல். தேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அந்தச் சட்டப் படிப்பு முழுப்பயன் தந்தது, அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1887-இல் புதுக்கோட்டையில் நீதிபதியானபோதுதான். இடையில் பதினாறு ஆண்டு.

மற்றவர் நம்முடைய கிழக்கு மண்ணின் மகன், காரைதீவு மயில்வாகனம். விபுலானந்த அடிகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1892-இல் பிறந்தவர். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறி ஆசிரியராகிவிட்டார். பிறகு ஆசிரியர் பயிற்சி, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சை. இலங்கையிலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல்வர் அவர் என்பார்கள். அதன்பின் யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தை வெளிவாரியாக எடுத்தார். கல்லூரிக்கு வராதவர்களும் பரீட்சை எழுதலாம் என்று இலண்டன் 1858-இலேயே கதவைத் திறந்திருந்தது. திறந்தது பரீட்சைக்கான கதவு மட்டும்தான். வகுப்பும் ஆசிரியரும் அதில் சேர்த்தியில்லை. பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே படிக்க வேண்டும். பகலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், இரவில் தனக்கு விஞ்ஞானம் என்று ஓடிய வாழ்க்கை அது. இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற பிறகு நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரிக்கும் அவர் அதிபராக இருந்தார். இந்தக் கல்லூரியில் படித்த பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்.

இவர்களைப்பற்றிப் பேசும்போது நாம் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மயில்வாகனனார் மணம் செய்யாதவர். பள்ளி முடிந்து வந்தால் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டியதில்லை. தாமோதரம்பிள்ளை குடும்பஸ்தர், ஆனால் அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த இரவுகளில் வீட்டு வேலையைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். வாழ்க்கை வரலாறுகளில் பரீட்சையின் ஆண்டு இருக்கிறது, சமையலறை இல்லை. இன்று இந்த மண்டபத்தில் படிக்கிறவர்களில் பெண்கள்தான் கூட. வேலை, படிப்பு, சமையல் மூன்றையும் ஒரே ஆள் செய்யவேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவர்களின் உழைப்பை இவர்களுக்கு உதாரணம் காட்டுவதானால், அவர்களுக்குக் கிடைத்த ஓய்வையும் இவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் காட்டவேண்டும்.

எனக்குத் தெரிந்த தாதி ஒருவர் இதை எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம். வார்டில் மாதத்துக்கான ரோஸ்டர் ஒட்டிய அன்றே அதைப் போனில் படம் எடுத்து வருவார். வீட்டில் பெரிய கலண்டர் ஒன்றில் அதை மூன்று நிறத்தில் எழுதுவார். காலை ஏழிலிருந்து ஒரு மணிவரையான வேலை பச்சை. அன்று மதியம் உறங்கி, மாலை நாலிலிருந்து ஆறுவரை படிப்பு. ஒரு மணியிலிருந்து ஏழுவரையான வேலை நீலம். அன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலையில் படிப்பு. இரவு வேலை சிவப்பு. அன்றும் மறுநாளும் படிப்பே கிடையாது. சிவப்பு நாளில் படிக்கவில்லையே என்று அவர் ஒருநாளும் வருந்தியதில்லை, ஏனென்றால் அது கணக்கில் இல்லாத நாள். கலண்டர் தொங்கியது சமையலறைச் சுவரில். கணவருக்கும் மாமிக்கும் அது தெரியவேண்டும் என்பதற்காகவே அங்கே மாட்டினார். பச்சை நாளில் நாலு மணிக்குத் தேத்தண்ணீர் போடுவது மாமியின் வேலை. அந்த அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நிறம் தெரியும்.

வேலைத்தளத்தில் அவர் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. வெசாக் இரவுகளில் சிங்களத் தோழிகளுடைய டியூட்டியைத் தான் ஏற்றார். நோன்புப் பெருநாளில் முஸ்லிம் தோழிகளுடையதை ஏற்றார். ஏற்ற நாட்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். அவருக்குப் பரீட்சைக் கிழமை வந்தபோது அந்தத் தோழிகள் ஒவ்வொருவராக அவருடைய இரவுகளை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று சமூகமும் கலந்து வேலை செய்கிற நம்முடைய ஊருக்கு இது பெரிய வசதி. எல்லாருக்கும் ஒரே நாளில் பெருநாள் வருவதில்லை என்பதால், மாற்றிக்கொள்ள எப்போதும் ஒரு நாள் இருக்கும்.

கிடைத்த ஒன்றரை மணித்தியாலத்தில் எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லவேண்டும். களைத்து வந்தவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது அவர்களிடம் 42 வீதம்தான் மிஞ்சியிருந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56 வீதம். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே வாசித்ததும் மூடுங்கள். கொப்பியில் நினைவிலிருந்து எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் திரும்பிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது நன்றாக உதவும். ஆடும் பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் தலை சுற்றும். ஆனால் காலையில் வாசித்த பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம். கிண்ணியாப் பாலம் வரும்வரை ஒரு பாடம், வெருகல் வரும்வரை இன்னொன்று. முன்பு அந்தப் பாதையில் படகுத்துறைகளில் காத்துக் கிடந்தோம். 2009-இல் கிண்ணியாவில் பாலம் திறந்த பிறகு நேரம் மிச்சம். அந்த மிச்ச நேரத்தையும் இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

திறந்த பல்கலைக்கழகத்தைப்பற்றி நன்றியோடு ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்த பல்கலைக்கழகத்தின் வழியில், நம்முடைய நாட்டிலும் 1980-இல் நாவலவில் ஒன்று தொடங்கியது. திருகோணமலையிலும் அதற்குக் கற்கை நிலையம் உண்டு. ஆனாலும் ஆய்வுகூட வகுப்பு என்று வந்தால் கொழும்புக்கு இரவு ரயில் ஏறியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு நாள் வகுப்புக்கு இரண்டு இரவு பயணம். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் சூமுக்கு வந்தபோது, நாவலவும் பாலையூற்றும் முதன்முதலாக ஒரே தூரத்தில் நின்றன. தொற்று முடிந்துவிட்டது என்பதற்காக அந்த ஏற்பாட்டைக் கைவிடக்கூடாது என்று பல்கலைக்கழகங்களிடம் நாம் உரத்துக் கேட்கவேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு அது சலுகை அல்ல, வாசல்.

தொழில் தருபவர்களும் மேலாளர்களும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடாந்த விடுமுறை 14 நாளும் சமயோசித விடுமுறை 7 நாளும் இருக்கின்றன. பரீட்சை விடுமுறை என்று ஒன்று இல்லை. ஆகவே உங்களிடம் வேலை செய்கிற பிள்ளை, அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லி லீவு எடுத்துப் பரீட்சை எழுதுகிறது. படிக்கிற ஒருவரைப் பொய் சொல்ல வைக்கும் நிலை நல்லதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே, சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறைக்கென்று 140-ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. அந்த அளவுக்கு உடனே போகச் சொல்லவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு வேலை போடாதீர்கள். பரீட்சைத் திகதியை மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுத்தவருடைய லீவைக் கடைசி நேரத்தில் வெட்டாதீர்கள். செலவில்லாத உதவிகள் இவை. படித்த பிறகு வேலையை விட்டுப் போய்விடுவாரே என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது, எனக்குப் புரிகிறது. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் படிக்க விடாததால் மனம் கசந்து போகிறவர்களும் உண்டு, கசந்தபடியே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. பின்னவர்களால் உங்களுக்கு வரும் நட்டம் அதிகம்.

படிக்கிறவர்களும் மறைக்காதீர்கள். "பாஸ் பண்ணிய பிறகு சொல்லலாம்" என்று வேலைத்தளத்தில் பலர் மறைக்கிறீர்கள். தவறினால் வெட்கம் என்ற பயம். மறைத்தால் யாராலும் உதவ முடியாது.

பணத்தைப்பற்றிச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. கிழமைக்கு ஒருநாள் வந்தால் போதும், ஒரே ஆண்டில் வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்பவர்கள் நம்முடைய ஊருக்கும் வருகிறார்கள். காசு கட்டுமுன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். அரச உத்தியோகத்தர் என்றால், உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பு அதைப் பதவி உயர்வுக்கு ஏற்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். கைவினையில் அனுபவம் உள்ள தம்பிமாருக்கு வேறு வழியும் இருக்கிறது. பத்து வருடம் வெல்டிங் செய்தவர் முதலாம் நாளிலிருந்து வகுப்பில் குந்தவேண்டியதில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், செய்து காட்டியே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். அதைப் பெற்றவர் அங்கிருந்து மேலே படிக்கலாம். இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாலையூற்றில் பல வீடுகளில் இரண்டு அறைதான். ஒன்றில் தொலைக்காட்சி, மற்றதில் உறங்குகிற பிள்ளை. படிக்கிறவர் வாசல் படியில் நுளம்புக்கடியில் இருக்கிறார். நமக்கு ஓர் அறை வேண்டும். பாடசாலை வகுப்பறையோ, ஆலய மண்டபத்தின் பக்க அறையோ, எதுவானாலும் சரி. மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை திறந்திருக்கவேண்டும். சிப்ட் ஆட்களுக்காகக் காலையிலும் இரண்டு மணித்தியாலம். பத்து மேசை, நல்ல வெளிச்சம், இரண்டு மின்விசிறி, குடிதண்ணீர். தாய்மார் பிள்ளையோடு வந்தால் விரிக்க ஒரு பாய். இரவில் பெண்கள் தனியே திரும்பாமல் சேர்ந்து போக ஓர் ஏற்பாடு. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் அதே அறையில் இருக்கலாம். வேலை முடித்து வந்து படிக்கிற அக்காவை அவர்கள் பார்ப்பது நல்லது. மின்சாரக் கட்டணத்தை மாதம் மாதம் யார் கட்டுவது, திறப்பு யார் கையில் இருப்பது என்ற இரண்டும் முடிவாகிவிட்டால் மற்றது நடந்துவிடும். இடம் தரக்கூடியவர்களும், கிழமைக்கு ஒரு மாலை பொறுப்பாக இருக்கக்கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். இரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் உங்கள் பெயரையும் எந்த நேரம் வசதி என்பதையும் வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். நேர அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போடப்போகிறோம்.